ஏழு சீட்டு, ஒரே வரி

ஏழு சீட்டையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, லென்ஸைக் கையில் எடுத்தார் சீஃப் கெமிஸ்ட். கையெழுத்து ஏழும் வேறு வேறு. மையும் வேறு வேறு. ஆனால் ஏழிலும் கடைசி வரி மட்டும் ஒன்றேதான்: 'பொறுமையாக இருப்பேன்.'

அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இதில் ஏதோ இருக்கிறது.

அந்தக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு 'டபுள் செக்' என்று பெயர். மற்றவர்கள் சோதித்த தண்ணீரைத் தானும் ஒரு தடவை சோதித்த பிறகுதான் கையெழுத்தே போடுவார். சாயங்காலம் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி போவார். திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்.

வருடத்தின் கடைசி வேலை நாளில் ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான். மேல் வரியில் இந்த வருடம் செய்த தவறு. கீழ் வரியில் அடுத்த வருடம் செய்யப்போவது. 'இரண்டு பாட்டில் உடைத்தேன்', 'மாதிரிப் பெட்டியில் ஐஸ் வைக்க மறந்தேன்' என்று மேல் வரியெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவரும் தனக்கென்று ஒரு சீட்டு எழுதுவார். தவறு என்ற இடத்தில் ஒன்பது வருடமாக 'இல்லை' என்றே எழுதிவருகிறார்.

இந்தத் தடவை கீழ் வரியில் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. இன்றோடு பணி ஓய்வு. இன்னும் ஒரு வருடம் நீட்டித்துத் தரும்படி தலைமை அலுவலகத்துக்கு மூன்று மாதம் முன்பே எழுதிப் போட்டிருந்தார். மணி நாலாகியும் பதில் இல்லை. வீட்டிலோ தனி ஆள். நாளைக் காலையில் எழுந்து எதைச் சோதிப்பது?

ஆகவே விஷயம் இதுதான். ஏழு பேரும் கூட்டாக மனு போட்டு அவருடைய நீட்டிப்பைக் கெடுத்திருக்கிறார்கள். 'பொறுமையாக இருங்கள், நல்லது நடக்கும்' என்று மேலிடத்திலிருந்து யாரோ இவர்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷத்தில் அதே வார்த்தையைச் சீட்டிலும் எழுதிவிட்டார்கள்.

முதலில் டிரைவரைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, திடீர்னு பொறுமை?"

"வண்டி ஓட்டறவனுக்குப் பொறுமை வேணும்ல சார்."

"இத்தனை வருஷம் வேணாமா இருந்துச்சா?"

"இத்தனை வருஷமும் இருந்தேன் சார். ஸ்டாக் தீர்ந்துபோச்சு. புதுசா ஆரம்பிக்கணும்."

அடுத்து, பாட்டில் கழுவும் அம்மாள்.

"உனக்கு யார்கிட்டம்மா பொறுமை? பாட்டில்கிட்டயா?"

"கழுவின பாட்டிலையே மூணு தடவை கழுவச் சொன்னா, பாட்டிலுக்கே பொறுமை வேணும் சார்" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்றாவதாக வந்த சீனியர் கெமிஸ்ட் மேல்தான் அவருக்கு முக்கியச் சந்தேகம். அவர் போனால் அந்த நாற்காலி இந்த அம்மாவுக்கு.

"நாற்காலிக்குக் குஷன் தைக்கக் குடுத்தாச்சா மேடம்?"

"அதுக்கெல்லாம் இன்னும் காலம் இருக்கு சார்" என்றார் அந்த அம்மா. குரல் கம்மியிருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று முடிவு கட்டினார்.

அதற்கப்புறம் வந்த மூன்று பேரும் பிடி கொடுக்காமல் மழுப்பினார்கள். மிச்சம் டைப்பிஸ்ட் பெண். அவளை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தார், அவளுக்குப் பொய் சொல்ல வராது. காலையில் அவர் ஸ்டோர் ரூமில் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தவள் 'ராங் நம்பர் சார்' என்றாள். ராங் நம்பருக்கு யாராவது எழுந்து நின்று 'சரிங்க சார், சரிங்க சார்' என்பார்களா?

"மனுவை டைப் பண்ணினது நீதானே?"

"என்ன மனு சார்?"

"என்னைத் தொலைச்சுக் கட்ட எழுதினீங்களே, அந்த மனு. ஏழு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தானே எழுதியிருக்கீங்க?"

"ஐயோ, சத்தியமா இல்லை சார். என்ன எழுதறதுன்னு யாரும் யார்கிட்டயும் பேசலை. அவங்கவங்க இடத்துல உக்காந்து, அவங்கவங்களுக்குத் தோணினதைத்தான் எழுதினோம்."

"இதை நம்பறதுக்கு வேற ஆளைப் பாரு. ஏழு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே யோசனை எப்படி வரும்?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு நிற்பது கண்ணாடிக் கதவில் தெரிந்தது. அவர்களைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய், துக்கம் வந்துவிட்டது.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்மா. உங்களுக்கெல்லாம் நான் என்ன கெடுதல் பண்ணேன்? போற அன்னைக்காவது உண்மையைச் சொல்லுங்களேன்."

அந்தப் பெண்ணால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"நீங்க போகலை சார்... காலையில வந்தது ஹெட் ஆபீஸ் போன். இன்னும் ஒரு வருஷம் குடுத்துட்டாங்க!"