திருச்சி தேவகி

ஷிராஸின் பயண வலைப்பூவை ராகுலன் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது திறந்து பார்ப்பான். படிப்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று பார்த்து வயிறெரிவதற்காக.

இருவருக்கும் பொரளையில் ஒரே காப்புறுதிக் கம்பனியில் வேலை. பக்கத்துப் பக்கத்து மேசை. பயணம் போய் எழுதலாம் என்ற யோசனையே முதலில் ராகுலனுக்கு வந்ததுதான். பெரிய கமரா வாங்கினான். சொந்தப் பெயரில் இணையத்தளம் எடுத்தான். கற்பிட்டி, ஹப்புத்தளை என்று வாடகை வான் பிடித்து அலைந்தான். ஆட்களை இழுக்க பேஸ்புக்கில் விளம்பரமும் போட்டான். இரண்டு வருடமாகப் போகிறது. வாசிக்க வந்தவர்கள் அவனுடைய சொந்தக்காரர்கள் மட்டும்தான். அவர்களிலும் பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கொட்டாஞ்சேனை ஷிராஸ் அவனைப் பார்த்துத்தான் தொடங்கினான். கையில் பழைய போன். போவது பஸ்ஸில். கூட்டமோ அவன் பக்கம்.

"மச்சான், நீ எழுதுறதுல எந்த பஸ்ஸுல போறது எண்டும் போடு. ஆக்கள் அதத்தான் தேடுறாங்க" என்று ஒரு நாள் சொன்னான் ஷிராஸ்.

நேற்று வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா? ராகுலன் கதிரையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டில் மனைவி தனுஷியா வேறு.

"என்னப்பா, உங்கட வெப்சைட்டுக்குத் திரும்பக் காசு கட்டுற நாள் வருகுது. இந்த முறை நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். மூடிவிடுங்கோ."

"இதெல்லாம் மெல்ல மெல்லத்தானப்பா வளரும்."

"ஷிராசின்ர வளருதே?"

அவள் வாயால் இதையும் கேட்க வேண்டியிருந்ததே என்று ராகுலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே 'திருச்சி தேவகி' பிறந்தாள்.

அந்தப் பொய்ப் பெயரில் ஷிராஸின் வலைப்பூவுக்குப் போய், ஒரு பின்னூட்டம் போட்டான்.

'ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றி இவ்வளவு நீட்டி முழக்கியவர், நுவரெலியாவிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று சொல்லவில்லையே? பெண்களுக்கு மலசலகூடம் எங்கே? இதெல்லாம் ஒரு கட்டுரையா?'

நாலு பேர் பார்க்க மூக்கை உடைத்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் பார்த்தால், 'மிக்க நன்றி, தேவகி அக்கா' என்று பதில். கேட்ட விபரமெல்லாம் கட்டுரையில் ஏறியிருந்தது. அதற்கு வேறு ஆட்கள் வந்து பாராட்டியிருந்தார்கள்.

தேவகி விடுவாளா? கடைசி பஸ், அட்டைக்கடி, சாப்பாட்டு விலை என்று பதிவுக்குப் பதிவு ஓட்டை தேடினாள். ஷிராஸ் ஒவ்வொன்றையும் அடைத்துக்கொண்டே வந்தான். அவள் குத்தக் குத்த அவன் வலைப்பூ செழித்தது. ராகுலனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஷிராஸ் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

"மச்சான், பண்டாரவளையில ஒரு டூரிஸ்ட் பங்களாக்காரர் என்னைக் கூப்பிட்டு ஈக்குறாரு. செலவெல்லாம் அவங்கட. எழுதுறதுக்குக் காசும் தருவாங்க. இன்னொரு புளொக்காரரையும் கூட்டிட்டு வரச் செல்றாங்க."

ராகுலன் மனதுக்குள் கணக்குப் போட்டான். இது மட்டும் கிடைத்தால் தனுஷியாவிடம் தலை நிமிர்ந்து பேசலாம். வெப்சைட்டை மூட வேண்டியதில்லை. ஆனால் போயும் போயும் இவனிடமா கேட்பது?

"ஆரைக் கூட்டிக்கொண்டு போகப் போறாய்?" என்றான், கம்பியூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"தேவகி அக்காக்கிட்ட கேட்டு எழுதி ஈக்குறன். அவ செல்ற ஆள்தான்."

வெள்ளவத்தை போகும் பஸ்ஸில் நின்றபடியே ராகுலன் தேவகியானான்.

'வெள்ளவத்தை ராகுலன் என்று ஒருவர் எழுதுகிறார். அருமையான எழுத்து. படங்கள் அதைவிட அருமை. கூட்டம் சேரவில்லை என்று அவர் மனம் தளர்ந்துவிடக் கூடாது. அவரையே அழைத்துப் போங்கள்.'

எழுதி முடித்தபோது கண் கலங்கியது. அவனைப் பற்றி இவ்வளவு நல்லதாக இதுவரை யாருமே எழுதியதில்லை.

திங்கட்கிழமை தேநீரோடு வந்தான் ஷிராஸ்.

"மச்சான், தேவகி அக்கா ஒன்ட பேரைத்தான் செல்லி ஈக்குறா."

"அப்பிடியே? ஆர் அந்த மனிசி? எனக்குத் தெரியாதே."

ஷிராஸ் தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"திருச்சியில ஒத்தரும் வெளிக்கிடுறல்ல மச்சான். அவங்க கிளம்புறாங்க. மலசலகூடமும் அங்க இல்ல, கழிப்பறைதான் ஈக்குது. எங்கட ஒபிஸ்ல வெளிக்கிடுற ஒரே ஆள் நீதான். அக்காட மொத கொமெண்ட்லயே எனக்கு வெளங்கிட்டு."

ராகுலன் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினான், திரும்பக் கலைத்தான்.

"அப்ப... பண்டாரவளைக்கு வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போ."

"ஒன்ட பேரப் போன கிழமையே பங்களாவுக்குக் குடுத்தாச்சு" என்றான் ஷிராஸ். "தேவகி அக்கா ஒத்தரைப் பத்தியாவது நல்லதா நாலு வார்த்த எழுதுவாவா எண்டு பாக்கத்தான் கேட்டன்."