சோறு போட்டவர்கள்

இரங்கல் கூட்டத்தில் மின்விசிறி கடகடக்கிறது. பண்ணையம்மாவின் படத்தருகே நின்று அவருடைய அண்ணன் மகன் மைக்கில் குழைகிறான். "புருஷன்கிட்ட அடிபட்டு வந்த அநாதைப் பொண்ணுங்களுக்கு அத்தை சோறு போட்டாங்க. அதான் அவங்க சமூக சேவை. பண்ணையை விக்கிறதுக்குள்ள இவங்களுக்கு ஒரு விடுதி பாத்துடுவோம்." கூட்டம் கைதட்டுகிறது. அப்படி வந்து அந்தப் பண்ணையில் பல வருடமாக மாடு பார்க்கும் பால்காரிக்குக் காது மடல் சுடுகிறது. சாணம் காய்ந்த விரல்கள் முன்நாற்காலியின் முதுகை இறுக்குகின்றன. எழுகிறாள். "தம்பி, யாரு யாருக்குச் சோறு போட்டது? விதைச்சது நாங்க, கறந்தது நாங்க. உங்க அத்தை ஒருநாளும் எங்களை அநாதைன்னு சொன்னதில்ல. பங்காளின்னுதான் கூப்பிட்டாங்க." அவன் மைக்கிலேயே சிரிக்கிறான். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, உக்காருங்க." "எப்படிப்பா உக்கார்றது? பங்காளின்னா சண்டைக்கு வரத்தானே செய்வா?" அவளுக்குப் பின்னால் பண்ணைப் பெண்களின் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன.