பின்சக்கரத்துக் காற்று

மனைவி சுதபாவின் சைக்கிளில் பின்சக்கரக் காற்று தினமும் காலையில் எங்கே போகிறது என்று நிருபமுக்கு விளங்கவில்லை. டியூபைக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான், அதுவும் அசையவில்லை. லடாக் வரை அவள் தனியாக ஓட்டிப்போய், போன வாரம்தான் வங்காளத்திலுள்ள சொந்த ஊரான சந்தன்நகருக்குத் திரும்பிய சைக்கிள் அது.

தெரு கிளப் செயலாளர் கோகோன் எட்டிப் பார்த்தான். அவள் திரும்பிய அன்று போட்ட வரவேற்பு மேடையிலேயே, "அடுத்து அண்ணி கன்னியாகுமரி போறாங்க!" என்று அவளைக் கேட்காமலே அறிவித்து, பேனரும் கட்டிவிட்டவன்.

"என்ன அண்ணே, நாளைக்குக் கொடியசைக்கணும். ஒரு டியூபைச் சரி பண்ணத் தெரியல, நீங்கல்லாம் இன்ஜினியர்!"

"நானும் தினம் அடிச்சுத்தான்டா வைக்கிறேன்!"

மறுநாள் விடியலில் 'உஸ்' என்ற சத்தம் கேட்டு எழுந்து போனான். சுதபா குந்தி உட்கார்ந்து, வால்வுக்குள் இருக்கும் ஊசியை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"ஊரே மாலை போட்டுச்சே, எந்த வாயால போகமாட்டேன்னு சொல்றது? நீங்க வேற விழுந்து விழுந்து காத்தடிக்கிறீங்க. ஓட்டினது போதுங்க. எனக்கு வீட்ல இருக்கணும்."

வாசலில் மேளம் கேட்டது. நிருபம் கதவைத் திறந்தான்.

"கோகோன், காத்தைப் பிடுங்கினது நாந்தான்டா. இவளைப் பிரிஞ்சு இன்னொரு தடவை என்னால இருக்க முடியாது. பேனரை அவுத்துடு."