முப்பத்தொன்பதா, நாற்பதா?

"சீக்கிரம் சேணம் கட்டுடா! நாய்கள் வந்ததும் கிளம்பணும். உன் தம்பியைச் சாயங்காலத்துக்குள்ள இழுத்துட்டு வரேன் பாரு!" எஜமான் லவிக் கத்தினார்.

லாயத்து அடிமை குவாஷ் வேண்டுமென்றே வாரை மெதுவாக இறுக்கினான். விடியுமுன் ஓடிய தம்பி பிரைமஸ் இன்னும் ஆற்றைத் தாண்டியிருக்க மாட்டான்.

அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக அதிகாரி வந்து இறங்கினார்.

"அடிமைங்க எத்தனை பேர்? ஓடிப்போனவனைச் சேர்க்கக் கூடாது. பைபிள் மேல சத்தியம் பண்ணணும். பட்டியலை நீதிமன்ற வாசல்ல ஒட்டுவோம்."

லவிக் தாடையைச் சொறிந்தார். "முப்பத்து..."

"நாப்பது, எஜமான்!" சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள் அடிமைச் சமையல்காரி டோர்க்கஸ். "அஞ்சு அடிமைக்கு மூணு ஆள்னு கணக்காமே! தலை கூடினாத்தானே காங்கிரஸ் சபையில நம்ம வர்ஜீனியாவுக்கு நாற்காலி கூடும்? பக்கத்துப் பண்ணையிலயே நாப்பது எழுதியிருக்காங்களாம். நாம குறையலாமா?"

குவாஷுக்கு ரத்தம் கொதித்தது. ஓட்டுப் போட உரிமையில்லாத சனம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனையும் எஜமானின் நாற்காலிக்குக் காலாக்குகிறாளே, இந்தக் காக்கா பிடிக்கிற கழுதை!

லவிக்கின் முகம் மலர்ந்தது. "நாப்பதேதான்! எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

பைபிளில் கை வைத்தார். கையெழுத்தும் போட்டார். அதிகாரி மையை ஊதி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஏழெட்டு நாய்கள் குரைத்தன.

"எவனோ ஓடிட்டான்னு சொல்லி அனுப்பினீங்களே, யாரு?" ரோந்துக்காரன் குதிரை மேலிருந்தே கேட்டான்.

அதிகாரி ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

லவிக்குக்கு வேர்த்து ஊற்றியது. "ஓடிட்டானா? யாரு சொன்னா? நாப்பது பேரும் இருக்காங்க. நீங்க போகலாம்!"

குவாஷ் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "சேணத்தை இறக்குடா!"

நாய்கள் வந்த வழியே திரும்பின. குவாஷ் சமையற்கட்டுக்கு ஓடினான். மூச்சு வாங்கியது, கண் நிறைந்திருந்தது.

"டோர்க்கஸ்... தெரிஞ்சேதான் சொன்னியா?"

"கத்தாதே. விடிகாலையில அவனுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்ததே நான்தான்."

அதிகாரிக்கு வறுத்த கோழியைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சிரித்தாள் டோர்க்கஸ்.

"அஞ்சு பேரை மூணா எண்ண அவங்களுக்குத் தெரியும்னா, முப்பத்தொம்பதை நாப்பதா எண்ண எனக்குத் தெரியாதா?"