துட்டி வீட்டு ஈரம்

கிணறும் குளமும் போன பிறகு தண்ணீர் காற்றில் மட்டும்தான் மிச்சமிருந்தது. வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பொறி. கதவைச் சாத்தி வைத்தால், உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அது கீழே பானையில் சொட்டவிடும்.

இசக்கியம்மாள் வீட்டில் மூன்று பேர் மூச்சுக்கு நாளெல்லாம் அரைப் பானை தேறும். இன்று காலை அவள் புருஷன் வேலாயுதம் இறந்துபோனான். இனி அவளும், பிள்ளை பெற்று எட்டு நாளான மகளும்தான். கைக்குழந்தையின் மூச்சில் ஒரு மடக்குகூடத் தேறாது.

துட்டி கேட்க வந்த சனம் வீட்டை அடைத்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது. மதியத்துக்குள் பானை நிரம்பிவிட்டது. மகள் இரண்டு செம்பு குடித்தாள். வற்றிக்கிடந்த மார்பில் சாயங்காலம் பால் சுரந்தது. இசக்கியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அடுத்த பானையை வைத்தாள்.

வேலாயுதத்தின் தம்பி கந்தப்பன் அவளருகே குனிந்தான்.

"எடுத்துருவமா மைனி? வெயில் தாந்துட்டு. சனம் கெளம்பணும்லா."

"இருங்க கொழுந்தனாரே. ஒங்க அக்கா பம்பாய்ல இருந்து வரணும்லா. மொகத்தப் பாக்காம எடுத்தா ஏசுவா."

கந்தப்பனுக்கு அக்கா கிடையாது. அவன் மைனியைப் பார்த்தான். அவள் கண் பானைமேல் இருந்தது.

யாரோ திறந்துபோட்டிருந்த கதவை எழுந்துபோய்ச் சாத்தினான். "யாரும் போயிராதீங்க. அக்கா வரணும்," என்றான். பிறகு அண்ணன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான். எந்த அக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை.