ஒன்பதடி மேசை

லூர்து அண்ணாச்சிக்கு ஜெபராஜ் பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. இரண்டு பூல் பில்லியர்ட்ஸ் போட்டிகளுக்கு அவர் கட்டிய நுழைவுக் கட்டணமும் ரயில் செலவும் அது. அண்ணாச்சியின் கிளப்பில் கிடக்கும் ஏழடி மேசையில் ஜெபராஜை ஒருத்தராலும் அசைக்க முடியாது. வெளியூர்ப் போட்டிகளிலோ மேசை ஒன்பதடி. இரண்டு தடவையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான். அதற்காகவே அண்ணாச்சி ஒன்பதடி மேசை ஒன்று வாங்கிப் போட்டு, மதுரையிலிருந்து ஒரு ஆட்டக்காரரையும் வரவழைத்தார். "இவர ஜெயிச்சுக் காட்டுடே. அடுத்த போட்டிக்கும் நானே பணம் கட்டுதேன்" என்றார்.

மதுரைக்காரரோடு ஆடிய ஆட்டத்தின் கடைசியில் ஒரே பந்துதான் மிச்சம். அதைக் குழியில் போட்டவருக்கு ஆட்டம். ஜெபராஜ் குனிந்து அடித்தான். ஏழடி மேசையில் ரெண்டு எண்ணுவதற்குள் விழுந்துவிடும். அவன் பார்க்கக்கூட மாட்டான், திரும்பி எதிராளிக்குக் கை நீட்டிவிடுவான். இப்போதும் எண்ணி முடித்துக் கை நீட்டினான். விழுந்த சத்தம் வரவில்லை. பந்து குழிக்கு நாலு விரல் முன்னால் நின்றிருந்தது.

"தம்பி, ஒங்க பந்துக்குக் கால் வலிச்சிருச்சு போலயே" என்று சொல்லிக்கொண்டே மதுரைக்காரர் அதை உள்ளே தள்ளினார்.

நீட்டிய கையை எப்போது இறக்கினான் என்று ஜெபராஜுக்குத் தெரியவில்லை. "அண்ணாச்சி, அடுத்த போட்டில ஜெயிச்சு மொத்தத்தையும் தந்துருதேன்."

அண்ணாச்சி மதுரைக்காரரின் தோளில் கை போட்டிருந்தார்.

"வேண்டாம்டே, விடு" என்றார். "நீ ஒரு பைசா தர வேண்டாம்."