உதிராத பொந்து

மணல் நண்டுக்கு அலுத்துப்போனது. தினமும் அதன் வளையை அலை வந்து மூடும். தினமும் தோண்ட வேண்டும். ஒருநாள் அது மணற்கரையை விட்டுப் பக்கத்திலிருந்த பாறைக்கரைக்கு வந்து, ஒரு பொந்தில் குடியேறியது.

"இத்தனை அலை மோதியும் சுவர் உதிரவில்லையே!" என்றது.

"உதிராது, தம்பி. தாத்தா காலத்துப் பொந்து," என்றது அடுத்த பொந்திலிருந்த பாறை நண்டு.

மணல் நண்டு தோண்டும் வேலையில்லாமல் நன்றாகத் தின்று பெருத்தது. பருவம் வந்ததும் வெளியே வந்து பழைய ஓட்டைக் கழற்றியது. புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். வானத்தில் கடற்காகம் வட்டமிட்டது. நண்டு அவசரமாகப் பொந்துக்குள் நுழைந்தது. பாதி உடம்பு வெளியே நின்றது.

"அண்ணே, பொந்து சின்னதாகிவிட்டது!"

"பொந்து அப்படியேதான் இருக்கிறது. நீதான் வளர்ந்துவிட்டாய்."

"பெரிய பொந்து இருக்கிறதா?"

"மேலே இருக்கிறது. அதில் ஆள் இருக்கிறார்."

"எப்போது காலி செய்வார்?"

"நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பின்னங்கால்கள் வெகுநாளாக வெளியேதான் இருக்கின்றன. பழகிவிட்டது."

மணல் நண்டு மணற்கரைக்கு ஓடியது. ஈரமணலில் தன் உடம்பின் அளவுக்குத் தோண்டி உள்ளே இறங்கியது. கடற்காகம் தாழ்ந்து வந்தது. அதற்குள் அலை வந்து வளையை மூடிவிட்டுப் போனது.

அன்று மட்டும் நண்டு அலையைத் திட்டவில்லை.